நாற்பத்தொரு ‘இல்லை’

எளாவூர்
12-1-2008

அன்பு மகள் குணசுந்தரிக்கு,

நைனா எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை.

போனில் பேசலாமே என்று மறுபடி சொல்லாதே. போனில் பேசியதற்கு நகல் கிடையாது. இதற்கும் கார்பன் வைத்து ஒரு நகல் எடுத்துவிட்டேன்.

சிப்காட்டில் பழைய இரும்பை உருக்குகிறார்களே, அந்தக் கம்பெனி இன்னும் இரண்டு உலை போடப்போகிறது. மே கடைசியில் அதிகாரிகள் வந்து ஊராரிடம் கருத்துக் கேட்கப்போகிறார்கள். அந்தப் புகையைப் பற்றி அவர்கள் அலுவலகத்தில் நான் கொடுத்த பதினேழு மனுவுக்கும் ‘ஆதாரம் இல்லை’ என்று ஒரே பதில். காயப்போட்ட நெல்லைச் சாயங்காலம் அள்ளினால் கையெல்லாம் கருப்பு. ஊரே இருமுகிறது. இது ஆதாரம் இல்லையாம்.

மஸ்கட்டில் டாக்டர் வேலை இருக்கும்போது இன்டர்நெட்டில் இன்னொரு படிப்பு எதற்கு என்று போன வருஷம் சண்டை போட்டேன். நோயாளியின் கையைத் தொடாமல் என்ன டாக்டர் படிப்பு என்றேன். அந்தப் பேச்சை நான் திரும்ப வாங்கவில்லை. ஆனால் யாருக்கு நோய் வருகிறது, எதனால் வருகிறது என்று எண்ணி நிரூபிக்கிற படிப்பு என்று நீதானே சொன்னாய். அப்படியானால் நம் ஊருக்கு நிரூபித்துக் கொடு. வீடு வீடாகப் போக நான் இருக்கிறேன்.

உன் நைனா,
ராஜமாணிக்கம்

மஸ்கட்
27-1-2008

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் கடிதம் பத்து நாள் கழித்து வந்தது. வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் பாடம் கேட்கும்போது பாதி நாள் கண் சொருகுகிறது. இதற்கா இவ்வளவு என்று நானும் நினைத்ததுண்டு. உங்கள் கடிதத்தைப் படித்தபின் அப்படித் தோன்றவில்லை.

என் ஆய்வுக்கு நம் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன். வந்ததும் படிவம் அனுப்புகிறேன். கேள்வி சுலபம்: கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவரா, மூன்று வாரத்துக்கு மேல் இருமல் உண்டா. உண்டு, இல்லை, அவ்வளவுதான். இருமுகிறவர்களை மட்டும் எழுதிவிடாதீர்கள். இருமாதவர்களையும் எழுதினால்தான் ஒப்பிட முடியும். பெயர் வேண்டாம், கதவு எண் போதும். விருப்பம் இல்லாதவர்களை வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி கேட்க வெளியாள் ஒருவரை வைப்பதுதான் முறை. உங்களை மீறி நம் ஊருக்குள் யார் போவது? அதனால் உங்களையே நம்புகிறேன். வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
குணா

எளாவூர்
30-3-2008

அன்பு மகளுக்கு,

இருநூற்றுப் பன்னிரண்டு வீடும் முடித்தேன். படிவங்கள் இத்துடன். நகல் என்னிடம் உள்ளது.

அஞ்சம்மாள் வீட்டில் மட்டும் அரை நாள் போனது. “இருமல் கீதான்னு கேக்கறியே, கீதுன்னா மாத்திரை கொண்ணாந்துகிறியா?” என்றாள். இல்லை, எழுதிக்கொண்டு போகத்தான் வந்தேன் என்றேன். “எழுதினா நின்னுடுமா? இன்னா ரோதனை இது” என்று ஊரே கேட்கும்படி இருமிக் காட்டினாள். உண்டு என்று எழுதினேன்.

உனக்குத் தெரியும், உலைக்கு முன்னால் நிற்பவர்கள் வடக்கேயிருந்து வந்து உள்ளேயே தங்கியிருக்கும் ஆட்கள். நம் ஊரிலிருந்து போவது துருப்பிடித்த இரும்பைத் தரம் பிரிக்கும் பெண்கள்தான். நாற்பத்தொரு பேர், எல்லாம் கல்யாணத்துக்கு நகை சேர்க்கப் போகிற பிள்ளைகள். உன் சித்தப்பா பச்சையப்பன் மகள் செண்பகமும் போகிறாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அந்த வீடுகளில் அதிகம் கேட்க வேண்டியிருக்கவில்லை. எனக்குத் தெரிந்த பிள்ளைகள், நானே நிரப்பிவிட்டேன்.

இன்னொன்று. அலுவலகத்தில் பதினெட்டாவது மனு கொடுத்துவிட்டேன். ‘என் மகள் செய்யும் ஆய்வின் முடிவு எதுவானாலும் அதை இந்த ஊர் ஏற்கும், தாங்களும் ஏற்க வேண்டும்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி ஆதாரம் இல்லை என்று சொல்லட்டும் பார்க்கலாம்.

உன் நைனா

மஸ்கட்
4-5-2008

அன்புள்ள நைனாவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று நான்கு நாளாக வைத்திருந்தேன்.

முடிவு தலைகீழாக வந்திருக்கிறது. கம்பெனிக்குப் போகாதவர்களில் ஒன்பது பேருக்கு ஒருவர் இருமுகிறார். போகிற நாற்பத்தொரு பேரில் ஒருவருக்குக்கூட இருமல் இல்லை. இதை மட்டும் படிக்கிறவர்கள் கம்பெனிக்குப் போனால் உடம்புக்கு நல்லது என்றுதான் சொல்வார்கள்.

உடம்பு முடியாதவர்கள் வேலையை விட்டு நின்றுவிடுவதால் இப்படிக் கொஞ்சம் ஏமாற்றும் என்று பாடத்தில் உண்டு. ஆனால் கொஞ்சம்தான். நாற்பத்தொரு பேரில் ஒருவரும் இருமாத இடம் உலகத்தில் எங்கும் இல்லை என்கிறார் என் பேராசிரியர். நைனா, கோபப்படாமல் சொல்லுங்கள். அந்த வீடுகளில் நீங்கள் கேட்டீர்களா?

உங்களிடம் மறைக்காமல் முடிவை ஒரு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தயவுசெய்து யாரிடமும் கொடுக்காதீர்கள்.

குணா

எளாவூர்
1-6-2008

மகளுக்கு,

கூட்டம் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, எல்லோருக்கும் மோர் கொடுத்தார்கள். கம்பெனி ஆள் மைக்கில் என் பதினெட்டாவது மனுவைத்தான் முதலில் வாசித்தான். “பெரியவரே, முடிவு எதுவானாலும் ஏத்துக்கறேன்னு நீங்களே எழுதிக்கீறீங்க. முடிவு வந்துட்ச்சா?” என்றான். உன் தாள் என் சட்டைப் பையில் இருந்தது. வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போட்ட கையெழுத்திலிருந்து முப்பது வருஷத்தில் நான் பின்வாங்கியதில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

வாசித்தார்கள். பந்தலில் சிரிப்பு.

கேட்டாயே, சொல்கிறேன். நான் கேட்கவில்லை. பெயர் வேண்டாம், கதவு எண் போதும் என்றாய். நம் ஊரில் கதவு எண்ணும் பெயரும் வேறா? அந்தத் தாள் எந்த மேசைக்குப் போகும், யார் கண்ணில் படும் என்று யாருக்குத் தெரியும்? இருமுகிற பெண்ணை எவன் கட்டுவான்? செண்பகம் பேசும்போதே மூச்சு வாங்குகிறாள். அவளுக்கு ‘இல்லை’ என்று எழுதியபின் மற்ற நாற்பது பேருக்கு எப்படி உண்டு என்று எழுதுவது?

அந்த மைக்கில் உண்மையைச் சொல்லத்தான் எழுந்தேன். முன்வரிசையில் முழுக்க அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள். பச்சையப்பன் பெண்சாதி என்னையே பார்த்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

உலைக்கு அனுமதி கிடைத்துவிடும் என்கிறார்கள். நான் செய்தது தப்பு என்று எழுதமாட்டேன். நீ வேண்டுமானால் எழுது.

ராஜமாணிக்கம்

மஸ்கட்
14-6-2008

நைனா,

தப்பு என்று நானும் எழுதப்போவதில்லை. கேட்பவர் வெளியாளாக இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு முதல் பாடம். அது தெரிந்தும் உங்களை அனுப்பியவள் நான்.

ஆய்வைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இன்னும் ஒரு வருஷம் படிக்க வேண்டும், அது போகட்டும். முடிவு தவறு என்று அதிகாரிக்கும் எழுதினேன். சரியான முடிவு எங்கே என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். என்னிடம் இல்லை.

செண்பகத்துக்கு உடனே எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் பொன்னேரிக்கோ சென்னைக்கோ கூட்டிப்போங்கள். என்ன என்று தெரிந்தால் வைத்தியம் உண்டு.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த நாற்பத்தொரு வீட்டுக்கும் இன்னொரு தடவை போங்கள். நீங்களாக எதுவும் நிரப்ப வேண்டாம். கேளுங்கள், அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அது போதும்.

குணா

எளாவூர்
6-7-2008

அன்பு மகள் குணசுந்தரிக்கு,

நீ சொன்னபடியே போனேன். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையையே கூப்பிட்டுக் கேட்டேன். நாற்பத்தொரு பேரும் ‘இல்லை’ என்றார்கள். சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். இந்த முறை ஒன்றுகூட நானாக எழுதியது இல்லை.

செண்பகத்தைக் கடைசியில் கேட்டேன். “நீங்கதானே பெரிப்பா அன்னிக்கு இல்லைன்னு எழுதுனீங்க? இப்ப வந்து இன்னாத்துக்குக் கேட்டுக்கினு கீறீங்க?” என்றாள். எக்ஸ்-ரே பேச்சை எடுத்தேன். “கல்யாணம் ஆவட்டும் பெரிப்பா. அப்பால அவங்க ஊட்டுக்காரங்க பாத்துக்குவாங்க” என்றாள். பச்சையப்பன் எழுந்து வெளியே போய்விட்டான். எக்ஸ்-ரேவுக்கு அவள் வரவில்லை. கையைப் பிடித்து இழுத்துப்போக எனக்குத் தெம்பு இல்லை, உரிமையும் இல்லை.

உன் படிவத்தில் ‘உண்டு’, ‘இல்லை’ இரண்டு கட்டம்தான். ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒன்று நான் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி மெதுவாகக் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் அந்தப் பிள்ளை எத்தனை தடவை இருமினாளோ அதை அதில் எழுதியிருக்கிறேன். நான்கு, ஏழு, இரண்டு, ஒன்பது. உன் பேராசிரியர் ஏற்கமாட்டார், தெரியும். அவரிடம் காட்டு.

நாற்பத்தொன்றாவது வரியில் அந்தக் கட்டம் காலி. மறதி இல்லை. எண்ணினேன். எழுதவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை செண்பகத்துக்குக் கல்யாணம். பத்திரிகை இத்துடன் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு நான் நகல் எடுக்கவில்லை.

நைனா