அதிகாரமில்லாத கை

மாண்புமிகு முன்னாள் ஆசாரியனே, என் மருமகனே,

மொர்மன் சபையின் ஆசாரியத்துவத்தைத் துறந்துவிட்டதாக மிலானோவிலிருந்து நீ அனுப்பிய குரல்பதிவைக் கேட்டதும் பலெர்மோ நகரமே மூச்சை நிறுத்தியது. உன்னை ஆசாரியனாக்க உன் தலையில் கை வைத்தவர் யார், அவர் தலையில் கை வைத்தவர் யார் என்று தேடிக்கொண்டே போனாயாம். சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தின் தலையில் இயேசுவின் சீடர்களான பேதுருவும் யாக்கோபும் யோவானும் விண்ணிலிருந்து வந்து கை வைத்த நாளை எவருமே குறித்து வைக்கவில்லையாம். "என்ரை கையிலை ஒரு அதிகாரமும் இல்லை, மாமா" என்று அழுகிறாய்.

கேள்வி நியாயமானதுதான். சைவக்காரனான எனக்குப் பதில் தெரியாது.

ஆனால் போன முறை, என் இதய ஒப்பரேசனுக்கு முதல், நீதான் என் தலையில் கை வைத்து மன்றாடினாய். "மெதுவாயடா, தலைமயிர் கலையுது!" என்று நான் போட்ட சத்தத்தில் எட்னா எரிமலையே பயந்து அடங்கியது. அதற்குப் பிறகு இந்தத் தலையை மனிதர் எவரும் தொடவில்லை. நான் வேலை செய்யும் வீட்டின் பூனை ஒருமுறை ஏறிப் பார்த்தது, பிடிக்காமல் இறங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை மறுபடியும் நெஞ்சைத் திறக்கிறார்கள். சின்ன விடயம், யானைக்கு நகம் வெட்டுவது போல.

அதிகாரம் கிடக்கட்டும். கையை மட்டும் கொண்டு வா.

இப்படிக்கு,
பலெர்மோ நகரின் சீசா வட்டாரத்தின் முடிசூடா மன்னன்,
உன் மாமா