கொத்தனார் மேடு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முணுமுணுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலம் என்று போனில் கேட்டாலும் உன் கையெழுத்தில் இரண்டு வரி வந்தால்தான் எனக்கு மனசு ஆறும்.

இது உன் அம்மாவைப் பற்றிய கடிதம். நம் மாதா கோவில் பங்கிலுள்ள வயல், சந்து, கிணறு, பழைய கட்டிடம் எல்லாவற்றையும் பெயரோடு பதிந்து வைக்க வேண்டும் என்று பங்குச் சாமியார் கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், இவள் கையைத் தூக்கிவிட்டாள். அன்றிலிருந்து சமையல் என் தலையில். இவள் வெயிலில் அலைந்து சுவர்களை அளக்கிறாள், இந்தச் சந்துக்கு ஏன் இந்தப் பேர் என்று வீடு வீடாகக் கேட்கிறாள். ஒரே வயலுக்கு அண்ணன் ஒரு பேரும் தம்பி வேறு பேரும் சொன்னால் இரண்டையும் எழுதிக்கொண்டு, சண்டையை மட்டும் அவர்களிடமே விட்டுவிட்டு வருகிறாள். சிக்கல் வந்தது திருடன் மேட்டில். அங்கே தனியாக இருக்கிறாளே, உன் பள்ளிச் சீருடையெல்லாம் தைத்த தையற்காரி, அவளுடைய தாத்தா மேல்தான் கோவில் மணி காணாமல் போன பழி விழுந்தது. யாரும் நிரூபிக்கவில்லை, அந்த இடத்துக்குத் திருடன் மேடு என்ற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பேரை எழுதுவதாக இருந்தால் என் வீட்டை அளக்க வராதீர்கள் என்று அவள் கதவைச் சாத்திவிட்டாள். எழுதினால் அவளுக்கு நோகும், விட்டால் பதிவு பொய்யாகிவிடும் என்று அம்மா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. பேசாமல் விட்டுவிடேன் என்றேன், முறைத்தாள் பார், நான் அடுப்படிக்கே போய்விட்டேன். பிறகு மறுபடி போய், உங்கள் வீட்டில் அந்த இடத்தை என்னவென்று சொல்வீர்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறாள். கொத்தனார் மேடு என்று கதவிடுக்கிலிருந்து பதில் வந்ததாம்.

பங்குக் கூட்டத்தில் அம்மா அந்தப் பெயரை வாசித்ததும், ஊரே வேறு மாதிரி அல்லவா சொல்கிறது என்று மளிகைக்கடைக்காரர் எழுந்தார். தையற்காரி கடைசி பெஞ்சில் குனிந்தபடி இருந்தாள். அம்மா குரலை உயர்த்தவே இல்லை. “அதையும் எழுதியிருக்கேன், யாரும் நிரூபிக்கலைங்கறதையும் சேத்து. ஆனா குடியிருக்கறவங்க சொல்ற பேருதான் முதல்ல வரும். உங்க கடைக்கும் ஊர் ஒரு பேர் வச்சிருக்கு, அதை முதல்ல போடட்டுமா?” என்றாள். மனிதர் உட்கார்ந்துவிட்டார், சாமியார் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் தையற்காரி தானே வந்து, எப்போது அளக்க வருகிறீர்கள் என்று கேட்டாள். நானும் போனேன். அடுப்படி வாசலுக்கு மேலே செங்கல்லை விசிறி மாதிரி அடுக்கி ஒரு வளைவு, இத்தனை வருஷத்தில் ஒரு விரிசல் இல்லை. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கட்டியவர் என்ற இடத்தில் அந்தத் தாத்தாவின் முழுப் பெயரை எழுதினாள். தையற்காரி எழுத்துக்கூட்டி வாசித்தாள், பிறகு இன்னொரு முறை வாசித்தாள்.

இவளோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியும் இன்னும் அசந்துதான் போகிறேன் மகளே. நான் இப்படி எழுதியதை அவளிடம் உளறிவிடாதே, அப்புறம் பிடிக்க முடியாது. குழந்தைக்குத் தடுப்பூசி தவறாமல் போடு, நீயும் நேரத்துக்குத் தூங்கு. கடவுள் உங்கள் மூவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

ஆசியோடு,
அப்பா