நீங்கள் விட்டு ஓடிவந்த மெட்டு

ஐயா,

இன்றைக்குக் காலையில் கம்பம் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் கைப்பேசி அடித்தது. உங்கள் மெட்டு. ஆள் திராட்சை வியாபாரி போலிருக்கிறது. பெட்டி, லாரி என்று என்னவோ பேசிவிட்டு வைத்தார், உடனே மறுபடியும் அடித்தது. மூன்றாவது தடவை அடித்தபோது எழுந்து, இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். வெயிலில் நடந்துகொண்டே, செத்தும் இந்த மனுசன் தப்பவில்லையே என்று வாய்விட்டே சொன்னேன். எதிரே வந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

நீங்கள் பெல்ஜியத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் இருந்தது மூன்று மாதம்கூட முழுதாக இல்லை. அங்கே போய்ப் படித்துவிட்டு வந்த எங்கள் மாதா கோவில் பாதிரியார், பங்குச் சாமியின் விருந்தாளி நீங்கள். பெரிய இசையமைப்பாளர் என்று சாமி சொன்னார். ஊர் நம்பவில்லை. இசையமைப்பாளர் என்றால் கார் வேண்டாமா, கூட நாலு பேர் வேண்டாமா? நீங்களோ ரப்பர் செருப்போடு திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று, மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் முதலில் கற்ற தமிழ்ச் சொல் ‘போதும்’. வேறென்ன செய்வீர்கள், போன வீட்டிலெல்லாம் தட்டில் கொட்டிக்கொண்டே இருந்தால்?

என் ஜெராக்ஸ் கடைக்கு நீங்கள் முதலில் வந்தது, இசை எழுதிய தாள் ஒன்றை நகலெடுக்க. தாளைப் பார்த்ததும் நான் வாய்க்குள் பாடிவிட்டேன். கன்னியர் விடுதியில் படித்தபோது கற்றது. கோவிலில் கீபோர்டு வாசிப்பவள் நான்தான் என்று அதுவரை உங்களுக்குத் தெரியாது. அன்றிலிருந்து எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் கொண்டுவந்தீர்கள். பெண்கள் மட்டும் பாட வேண்டிய பாட்டு. சொல்லே கிடையாது, நீண்ட நீண்ட மூச்சுதான். இதைப் பாடினால் மூச்சுமுட்டிச் செத்துப்போவோம் ஐயா என்றேன். கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

மாதா திருவிழா நெருங்கியது. எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. நல்ல மெட்டு எங்கே காதில் விழுந்தாலும் அதில் ஒரு மாதா பாட்டு எழுதிவிடுவோம். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் மெட்டு ஒன்றில் பாடி உங்களை அசத்த வேண்டும் என்று சாமி சொன்னார். நானே இணையத்தில் தேடினேன். உங்கள் பெயரைப் போட்டதும் முதலில் வந்தது அந்த மெட்டுதான். உட்கார்ந்த இடத்தில் நாலு சரணம் எழுதினேன். பாடற்குழுவை நடத்தும் ரோசம்மா அக்காவும் மற்றப் பெண்களும் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அந்த மெட்டின் கதையை நீங்களாகச் சொன்னீர்கள். இளவயதில் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக ஒரே மதியத்தில் எழுதிய மெட்டாம். அதற்குப் பிறகு ஆயுசெல்லாம் எழுதியதை யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லையாம். முடிவெட்டப் போனால் முடிவெட்டுபவர் அதை முனகுவாராம், பல் மருத்துவரும் முனகுவாராம். மனைவியை அடக்கம் செய்த அன்றுகூடக் கல்லறை வாசலில் யாரோ முனகினார்களாம். எலியும் நீங்கள்தான், பொறிக்குள் வைத்த மசால்வடையும் நீங்கள்தான் என்றேன். வடையை விளக்க வேண்டியதாயிற்று. அப்புறம் மெதுவாகச் சொன்னீர்கள்: “இந்த ஊரில் யாருக்கும் அது தெரியாது. மழைக்காலம் வரை இங்கேயே இருந்து இந்தப் பாட்டை எழுதி முடிக்கப் போகிறேன்.”

நாங்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்ததே அந்த மெட்டைத்தான். கடையைச் சாத்திவிட்டு ரோசம்மா அக்காவிடம் ஓடினேன். நீங்கள் நம்பிச் சொன்னதை எப்படி ஊரில் சொல்வது? பாட்டை மாற்றலாம் என்று மட்டும் சொன்னேன்.

“ஏத்தா, ஒனக்கென்ன கிறுக்கா? ஒரே மாதிரி சேல எடுத்தாச்சு. சாமி நோட்டீசுலயே போட்டுட்டாக. நம்ம பொம்பளைக தூக்கத்துலகூட அதத்தான் பாடுறாளுக. இப்பப் போயி வேணாங்குற?”

உங்களிடமாவது முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. திருவிழா அன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். முதல் நாலு சுரத்தை வாசித்ததுமே உங்கள் கை பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்ததைப் பார்த்தேன். அப்புறம் நான் தலை நிமிரவில்லை. நாலு சரணமும் கேட்டீர்கள், எழுந்து கை தட்டினீர்கள். இன்னொரு தரம் பாடவா என்று ரோசம்மா அக்கா கேட்டதற்கு ‘போதும்’ என்றீர்கள். கோவிலே சிரித்தது. மறுநாள் காலையில் மதுரைக்குக் கார் ஏறிவிட்டீர்கள். அந்தப் பெண்கள் பாட்டு பதினோராவது பக்கத்தோடு நின்றுபோனது. நகல் என் கடையில் இருக்கிறது.

பிறகு கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் உங்கள் மின்னஞ்சல் வரும். ஒரு தடவை, இன்னும் பாடுகிறார்களா என்று கேட்டீர்கள். அப்போதே அது கோம்பை வரைக்கும் கல்யாணம், சாவு, பிள்ளைகள் முதன்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மை என்று ஒன்று விடாமல் போய்க்கொண்டிருந்தது. மறந்துவிட்டார்கள் ஐயா என்று எழுதினேன். நிம்மதி என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டீர்கள். அந்தப் பொய்யைக் காப்பாற்றவே அப்புறம் உங்களுக்குச் சுருக்கமாக எழுத ஆரம்பித்தேன்.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று போன மாதம், இப்போது தேனியில் இருக்கும் சாமி போனில் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையை உங்களுக்காக வைத்தோம். அன்றைக்காவது அந்த மெட்டு வேண்டாம் என்று முடிவு செய்து, வேறு பாட்டுகளாக எழுதி ரோசம்மா அக்காவிடம் கொடுத்தேன். பூசையில் சாமி கொடுக்கும் நன்மை அப்பத்தை வாங்கி எல்லோரும் உட்கார்ந்ததும் அக்கா என் பக்கம் குனிந்தார்.

“வெள்ளக்கார ஐயா அன்னைக்கு எந்திரிச்சு நின்னு கை தட்டுனாகளே. அவுகளுக்கு உசுரான பாட்டு அது. அதப் பாடாம அனுப்புனா மனசு ஆறுமா?”

நான் வாசிக்க மாட்டேன் என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர்கள் வாத்தியம் இல்லாமலே ஆரம்பித்தார்கள். முதல் சரணத்திலேயே சுருதி இறங்கியது. இரண்டாவதில் இன்னும் இறங்கியது. அழுதுகொண்டே பாடினால் அப்படித்தான். மூன்றாவதில் என்னால் பொறுக்க முடியவில்லை. கீபோர்டில் கையை வைத்துச் சுருதியைத் தூக்கி நிறுத்தினேன். கடைசிவரை ஒரு இடத்திலும் பிசகாமல் வாசித்தேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் உங்களிடம் கடைசிவரை மறைத்தது அந்தப் பொய் மட்டும் இல்லை ஐயா. எனக்கு அந்த மெட்டு பிடிக்கும். நீங்கள் எழுதியதிலேயே அதுதான் எனக்குப் பிடிக்கும்.