கதவுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட்

அன்பு மகளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. என் வலது மணிக்கட்டு ஒன்றைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் எல்லாமும் நலம், அங்கே உன் உடம்பும் தூக்கமும் எப்படி இருக்கின்றன என்று முதலில் எழுது, ஆஸ்பத்திரியில் உனக்கு இரவு முறை மாறிவிட்டதா, பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறாயா, நர்ஸ் வேலை பார்க்கிறவர்கள் ஊரார் உடம்பையெல்லாம் பார்ப்பார்கள், தன் உடம்பை மட்டும் பார்க்க மாட்டார்கள். என் கைக்கட்டை இன்னும் பிரிக்கவில்லை. கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற என் நாற்காலியில் பல் டாக்டர் ஒரு புதுப் பெண்ணை உட்கார வைத்திருக்கிறாராம், அவள் பல் சுத்தம் செய்ய வந்தவரைப் பல் பிடுங்க வேண்டியவரின் டோக்கனில் உள்ளே அனுப்பிவிட்டாளாம், நல்லவேளை ஊசி போடும் முன்னால் அந்த மனிதர் வாயைத் திறந்து பேசிவிட்டார். டாக்டர் தினமும் போன் செய்து எப்போது வருகிறீர்கள் என்று கேட்கிறார், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், இதை எழுதாதே. கை எப்படி உடைந்தது என்று கேட்டிருந்தாய். உன் அப்பாவைக் கேள். ஊரில் எத்தனையோ பஸ் ஓட, அவர் கண்டக்டராக நிற்கிற பஸ்ஸில் போய் ஏறியது என் புத்தி. ஒரு காலைத்தான் கீழே வைத்தேன், அதற்குள் விசில் கொடுத்துவிட்டார். கடைசியாக இறங்குகிறவள் தன் பெண்டாட்டி என்று தெரியவில்லையாம், கூட்டமாம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சின்னவளுக்கு உன் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது எங்களுக்கு எவ்வளவு பெருமை என்று எழுதத் தெரியவில்லை, எழுதுகிறவளே அவள் என்பதால் அதிகம் சொல்லவும் கூடாது. ராத்திரி முழுக்கப் போகிற ரயில், தனியாக வர வேண்டும், முதல் வகுப்புப் போடவா சாதாரண வகுப்புப் போடவா என்று கேட்டிருக்கிறாய். பணம் போடுகிறவள் நீ, இருந்தும் எங்களைக் கேட்டாய் பார், அதற்கே வயிறு நிறைந்தது. அப்பாவுக்கு லீவு இல்லை, நான் இந்தக் கையோடு கூட வந்தால் யார் யாரைப் பார்த்துக்கொள்வது. என் கட்சி முதல் வகுப்பு. நாலு பேருக்கு ஒரு அறை, அதற்கு ஒரு கதவு, கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள். டாக்டர் எப்போதும் அதில்தான் போவார், தாழ்ப்பாள் போட்டுப் படுத்தால் வீட்டில் படுத்த மாதிரி என்பார். உன் அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார், கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இருக்கிறவன் எப்படிப்பட்டவன் என்று யார் பார்ப்பது, கூட்டம்தான் காவல் என்கிறார். சொல்கிறவர் யார் பார். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினேன், பேச்சு அதோடு நின்றது. ஆகவே நீ முதல் வகுப்பே போடு, பணத்தைப் பார்த்தால்

அக்கா, அம்மா சொன்னது இவ்வளவுதான். வலி மாத்திரை போட்டிருந்ததால் பேச்சுக்கு நடுவிலேயே தூங்கிவிட்டாள், மீதியைக் காலையில் சொல்வாள். இது நான் எழுதுவது, வேறு தாள், அவள் தாளுக்குப் பின்னால் மடித்து உறைக்குள் சொருகிவிடப் போகிறேன். விளக்குப் போட்டால் அப்பா எழுந்துவிடுவார், அதனால் சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். முழங்கால் விறைத்துப் போகிறது. எழுத்துக் கோணினால் அதற்குக் காரணம் குளிர்தான், வேறு எதுவும் இல்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் வேறு ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொல்ல முடியாது. போன் கூடத்தில் இருக்கிறது, நம் வீட்டில் ஒருவர் போன் பேசினால் மூன்று பேர் பதில் சொல்வோம் என்று உனக்கே தெரியும்.

கையைத் தூக்கிக் காட்டியதும் பேச்சு நின்றது என்று அம்மா எழுதச் சொன்னாளே, நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒத்திகை நடந்தது. தாழ்ப்பாள் போடத் தெரியாமல் இவள் என்ன முதல் வகுப்பில் போவது என்று அப்பா ஆரம்பித்தார், போட்டுப் பழகினால் ஆயிற்று என்று அம்மா எழுந்துவிட்டாள். பின் அறையில் இரண்டு கட்டிலையும் எதிரெதிராக இழுத்துப் போட்டார்கள். நான் பயணி. அம்மா எதிர்ப் படுக்கைக்காரி, பெரிய பணக்காரியாம், கட்டுப் போட்ட கையை வைர வளையல் போட்ட கை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, எனக்குக் காற்று ஆகாது, ஜன்னலைச் சாத்து என்று என்னை அதிகாரம் செய்தாள். அப்பா பாதி வழியில் ஏறுகிற சந்தேகப்படத்தக்க ஆள். அறை வாசலில் வந்து நின்று மீசையைத் தடவினார், கண்ணை உருட்டினார், ஏதோ பயங்கரமாகச் சொல்லப் போகிறார் என்று பார்த்தால், இத்தனை வருஷப் பழக்கம் வாயில் வந்துவிட்டது, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் காலியாத்தான இருக்கு" என்றார். அம்மா பணக்காரி என்பதை மறந்துவிட்டு, "முதல் வகுப்புலயும் நின்னுக்கிட்டு வர ஆள் ஏத்துறீங்களே, நீங்க உருப்படுவீங்களா" என்று சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

பிறகு தாழ்ப்பாள். நம் வீட்டில் குளியலறையைத் தவிர எந்தக் கதவையும் யாரும் தாழ் போடுவதில்லையே, பின் அறைத் தாழ்ப்பாளை யாரும் தொட்டு நான் பார்த்ததே இல்லை. நீ போன பிறகு அப்பா வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார், கதவுக்கு அடித்த கையோடு தாழ்ப்பாளுக்கும் சேர்த்து அடித்துவிட்டார். அது நகரவில்லை. அப்பா வேஷத்துக்காகப் போட்டிருந்த செருப்பைக் கழற்றி ஓங்கி ஒரு அடி அடித்தார், டக்கென்று உள்ளே போய் உட்கார்ந்தது. இந்தச் சத்தத்துக்குத்தான் அங்கே காசு வாங்குகிறான் என்றார். சரி, இப்போது திறந்து காட்டுகிறேன் பார் என்று இழுத்தார். வரவில்லை. கால் வைத்து இழுத்தார். வரவில்லை. மறுபடி செருப்பால் அடித்தார், செருப்புத்தான் பிய்ந்தது.

அப்புறம் நடந்தது தெருவுக்கே தெரியும். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் விசிலை எடுத்து ஊதினார். முதலில் மாடி வீட்டுத் தையற்காரர் வந்தார், பிறகு எதிர் வீட்டுக் கணக்கு டீச்சர், பிறகு போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள், முதல் வகுப்பில் மாட்டிக்கொண்டோம் என்று அம்மா சொன்னாள். அவ்வளவுதான், தாழ்ப்பாளை விட்டுவிட்டார்கள், முதல் வகுப்புக்குக் காசு கொடுக்கலாமா கூடாதா என்று ஜன்னலுக்கு வெளியே வழக்கு நடக்க ஆரம்பித்தது. டீச்சர் கொடுக்கலாம் என்றார், நாம் காசு கொடுப்பது மெத்தைக்கு இல்லையாம், கழிவறைச் சுத்தத்துக்காம். தையற்காரர் கூடாது என்றார், அவர் ஒரே ஒரு தடவை போனாராம், கூட இருந்த மூன்று பேரும் ஏறியதும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்களாம், "காசு குடுத்து வாய மூடிக்கிட்டு வந்தேன்" என்றார். யாரோ கம்பி வழியாகத் தேநீர் கொடுத்தார்கள். பார்த்தாயா, கூட்டம்தான் வந்தது என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். வந்தது, வந்து தேநீர் குடித்துக்கொண்டு நிற்கிறது என்று அம்மா சொன்னாள். கடைசியில் தையற்காரருக்கே மூளை வேலை செய்து, மாடிக்குப் போய் மிஷின் எண்ணெய் டப்பாவைக் கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டினார். எண்ணெய் விட்டு, அது ஊறுகிறவரை காத்திருந்து, அப்பா இழுத்தார், வந்துவிட்டது. வெளியே எல்லாரும் கை தட்டினார்கள்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அக்கா, அந்தத் தாழ்ப்பாள் வராமல் போன நேரத்தில் என் காதுக்குள் ஏதோ இரைந்தது. பக்கத்திலே அப்பா, எதிரே அம்மா, ஜன்னலில் தெருவே நிற்கிறது, அப்படியும் எனக்கு மூச்சு உள்ளே போகவில்லை. இவர்கள் யாரும் இல்லாமல், யாரென்றே தெரியாத மூன்று பேரோடு, வெளியே ஒன்றும் தெரியாத இருட்டில் அந்த மாதிரி ஒரு கதவை நானே சாத்த வேண்டும் என்று நினைத்தேன். அன்றிலிருந்து படுத்தால் அந்த டக் என்ற சத்தம் கேட்கிறது. சாதாரண வகுப்பிலும் எனக்குப் பயம்தான், பொய் சொல்ல மாட்டேன், மேல் படுக்கையில் ஏறத் தெரியாது, இறங்கும் இடத்தில் தூங்கிவிடுவேனோ என்று வேறு இருக்கிறது. ஆனால் அங்கே நான் பயந்து முழித்துக்கொண்டிருந்தால் யாராவது ஒருவர் என்னம்மா என்று கேட்பார்கள். எனக்கு அந்த ஒரு என்னம்மா போதும். அதற்குக் காசும் கிடையாது.

இதை ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். நீச்சல் கற்றுக்கொள்ளப் போன முதல் நாள் பயமாக இருக்கிறது என்று சொன்னேன், "பயமா இருக்கா, அப்போ வேண்டாம்" என்று துண்டைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள், இன்றுவரை எனக்கு நீச்சல் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மலைக்குக் கூட்டிப் போனபோதும் இதே வார்த்தைதான். இப்போது வாயைத் திறந்தால் ரயிலும் வேண்டாம், அந்தப் பள்ளிக்கூடமும் வேண்டாம் என்று ஆகிவிடும். பள்ளி திறக்கிற நாளில் நான் அங்கே நிற்காவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும் என்று எழுதியிருக்கிறார்களே. எனக்கு அங்கே வர வேண்டும் அக்கா. பயமாகவும் இருக்கிறது, வரவும் வேண்டும், இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்று அம்மாவுக்குப் புரிய வைக்க எனக்குத் தெரியவில்லை. அதனால் நீ ஒன்று செய். முதல் வகுப்பில் இடமே இல்லை, எல்லாம் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிட்டுச் சாதாரண வகுப்பில் போட்டுவிடு. குழந்தை குட்டியோடு யாராவது வருகிற பக்கமாகப் பார்த்துப் போடு. அப்பா தான் ஜெயித்ததாக நினைத்துக்கொள்வார், அம்மா ரயில்காரர்களைத் திட்டுவாள், யாருக்கும் நஷ்டம் இல்லை. நான் பயந்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. இன்னும் ஒன்று, நீ ஸ்டேஷனுக்கு வரும்போது அந்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வா, தூரத்திலிருந்தே தெரியும், நான் ஜன்னல் பக்கம்

பெரியவளே, இது அம்மா. இடது கை. சுருக்கமாகத்தான் வரும். காலையில் பால் திரிந்திருந்தது. ஃப்ரிட்ஜ் கதவு பிளந்து கிடந்தது. அதன் எதிரே தரையில் உட்கார்ந்தபடி சுவரில் சாய்ந்து தூங்குகிறாள், கன்னத்தில் மை. இரண்டு தாளையும் படித்தேன். எழுந்ததும் முகம் வெளுத்துத் தேடுவாள். கிடந்த தாள்களை உறையில் போட்டு ஒட்டியாயிற்று, உள்ளே இருப்பதை நான் பார்க்கவில்லை என்பேன். நீயும் அப்படியே வைத்துக்கொள்.

எழுந்து வந்த உன் அப்பாவிடம், எனக்குப் பயமாக இருக்கிறது, நானும் இவளோடு போகிறேன் என்று சொன்னேன். பயம் எனக்கு என்றுதான் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "முன்னாடியே சொல்லக் கூடாதா, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார். இப்போது பின் அறையில் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். பழுது பார்க்கக் கழற்றுவதாகச் சொல்கிறார்.

ஆகவே முதல் வகுப்பு வேண்டாம். அந்தப் பணத்தில் சாதாரண வகுப்பில் எங்கள் இரண்டு பேருக்கும் போடு. இவளுக்கு ஜன்னல். இந்தக் கை எதற்கும் ஆகாது என்று நினைக்காதே, கட்டு நல்ல கனம், தேவைப்பட்டால் ஒருவர் மண்டையில் போடலாம். என்னம்மா என்று கேட்க நானே பக்கத்தில் இருப்பேன்.

எனக்குத் திரும்பி வர மட்டும் முதல் வகுப்பில் ஒன்று போடு. கீழ்ப் படுக்கை. அப்பாவிடம் சொல்லாதே. திரும்பும்போது இவள் பக்கத்தில் இருக்க மாட்டாள். இரண்டு பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டு வருகிறவளை நாலு பேர் என்னம்மா என்று கேட்டால் என்னால் தாங்க முடியாது. அந்த ஒரு ராத்திரிக்கு எனக்கு ஒரு கதவு வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. குறைவில்லாமல் இருங்கள், இரண்டு பேரும். மஞ்சள் சட்டையை மறக்காதே.

உன் அம்மா
(கையெழுத்து இப்படித்தான் இருக்கும், நான்தான்)