அண்ணன் வகுத்தான், தம்பி எடுத்தான்

அன்பு மருமகனே,

இது இப்படித்தான் முடியும் என்று, நம் கோமகனான உன் அப்பா படுக்கையில் விழுந்த அன்றே நான் சொன்னேன். யார் கேட்டார்கள்?

நேற்று பாகம் பிரித்தாயிற்று. நம் வழக்கப்படி அண்ணன் நாட்டை இரண்டாக வகுக்க வேண்டும், தம்பி தனக்குப் பிடித்த பாதியை எடுக்க வேண்டும். நீதான் ஆற்றுக்கு அக்கரையில் படையோடு உட்கார்ந்துவிட்டாயே, உனக்காக நான் போனேன். லத்தீன் பத்திரத்தை நானே வாசித்தேன். நான் தலைகீழாகப் பிடித்திருந்ததை எழுத்தர் நேராக்கித் தந்த பிறகு இன்னும் தெளிவாகப் புரிந்தது. ஒரு பாதியில் கல்கோட்டை. மற்றதில் சதுப்பு, தேன்காடு, உன் அம்மாவைப் புதைத்த சிறு தேவாலயம்.

உன் அண்ணன் சீமோவித் சிரித்தான். "கோட்டையத்தானே கேக்கறான்? எடுத்துக்கிட்டு என் மேலயே ஏறி வருவான். அதானே மாமா?"

அவனுடைய முந்நூறு வில்லாளிகள், சரி, முப்பது பேர், என்னையே பார்த்தார்கள்.

"போடா! கோட்டை யாருக்கு வேணும்? அம்மா இருக்கற பக்கம் போதும்னுட்டான் உன் தம்பி" என்றேன்.

அவன் தொப்பியைக் கழற்றினான். பிறகு வில்லாளிகளை வீட்டுக்கு அனுப்பினான். "அவனை வரச் சொல்லுங்க மாமா. ரெண்டு பேருமா அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏத்தணும்."

ஆகவே படையைக் கலைத்துவிட்டுத் தனியாக வா. கோட்டை இல்லாமல் திரும்பக் கூடாது என்று நீ சொல்லி அனுப்பியது எனக்கு மறக்கவில்லை. அவன் கேட்டால் மட்டும் ஆமாம் என்று தலையாட்டிவிடு. அம்மா பக்கம் போதும் என்று நீ சொன்னதாக அவன் நினைப்பது, நான் சேர்த்தது.

உன் தாய்மாமன்