டிரம்மில் கலக்கிய கடல்

வண்டன்மேடு
ஜூன் 28, சனிக்கிழமை

அன்பு மகள் ரிஞ்சுவுக்கு அப்பா எழுதுவது. இயேசுவுக்குப் புகழ். ஆண்டவர் இரக்கத்தால் நானும் அம்மாவும் உன் அண்ணன் ஜோஜோவும் சுகமாக இருக்கிறோம், நீயும் உன் அறையில் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளும் அந்த அயர்லாந்துக் காற்றில் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் ஜெபமாலையில் பத்து மணியை உனக்கென்றே ஒதுக்கிச் சொல்கிறாள். என் முழங்கால் தேறிவிட்டது, இறக்கத்தில் மட்டும் கம்பு வேண்டும். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிற காலத்தில் அப்பா எதற்குக் காகிதம் எடுத்தார் என்று நினைப்பாய். வீடியோவில் உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு என் பதிலையும் சேர்த்து அவளே சொல்லிவிடுவாள், அவள் முன்னால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன். கட்டப்பனையில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் சிஜுவை உனக்குத் தெரியும், ஜோஜோவோடு பத்தாவது வரை படித்தவன். என் பொய்யால் அவன் கடையின் பெயர் கெட்டுக்கொண்டிருக்கிறது. அவனிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் உன்னிடம் எழுதிப் பார்த்தால் வாய் திறக்கும் என்று தோன்றுகிறது.

எல்லாம் அந்தக் கண்ணாடித் தொட்டியில் ஆரம்பித்தது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கப் போக முடியாமல் நான் வீட்டில் உட்கார்ந்து எல்லோரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். ஜோஜோ ஜீப் ஓட்டுகிற ஹோம்ஸ்டேயில் சும்மா கிடந்த இருநூறு லிட்டர் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் நாற்காலிக்கு எதிரே வைத்து, இனிமேல் இதைக் குறை சொல்லுங்கள் என்றான். சிஜு வந்து பார்த்துவிட்டு, இதில் கடல் மீனே வளர்க்கலாம் என்றான். இந்த மலை மேல் கடலா என்று சிரித்தேன். முதலில் தண்ணீரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மீன் எல்லாம் பிறகுதான் என்றான் அவன். தண்ணீருக்கு இங்கே என்ன பஞ்சம், நம் ஊற்றுத் தண்ணீரைப் போல எங்கே உண்டு என்று நான் மார்தட்டினேன். பேனா மாதிரி ஒரு மீட்டரை முக்கிக் காட்டினான், நாற்பது என்றது, எண் குறையக் குறையச் சுத்தமாம். இவ்வளவு சுத்தமா, பிறகென்ன என்றேன். அதற்கு அவன், மாமா, மீட்டரு எம்புட்டுக் கலந்திருக்குன்னுதான் சொல்லும், என்ன கலந்திருக்குன்னு சொல்லாது, தோட்டத்துக்கு நடுவுல இருக்கிற ஊத்தை நம்ப முடியாது என்றான். கடைசியில் வடிகட்டும் இயந்திரத்தில் பிடித்த தண்ணீரைக் கேன் கேனாகக் கட்டப்பனையிலிருந்து ஜீப்பில் ஏற்றி வந்து, அதில் கடல் உப்பைக் கலந்தோம். சமையல் உப்பு இல்லை, கடலில் உள்ள எல்லாச் சத்தும் சேர்ந்த தனி உப்பு. ஒரு கருவியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் 1025 என்ற கோட்டில் நிற்க வேண்டும், அதுதான் கடலின் கணக்கு. இங்கே உள்ள குளிருக்கு ஒரு ஹீட்டரும் போட்டோம். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமாம், தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. அது தெரியாமல் உப்புத் தண்ணீரையே ஊற்றி 1030 வரைக்கும் ஏற்றிவிட்டு அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

விபூதிப் புதன் அன்று தொட்டியை நிரப்பினோம். உடனே மீன் விடலாம் என்று பார்த்தால், ஒரு மாதத்துக்கு மேல் மீனே விடக்கூடாது, ஆனால் தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு அழுகவிட வேண்டும் என்கிறான் சிஜு. உன் அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மீனே இல்லாத தொட்டிக்குத் தீனி போடுறீகளே, முழங்கால்லதானே ஆபரேசன் பண்ணுனாக, தலையிலயுமா என்று அண்டை வீடு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். நானும் விளையாட்டாகத்தான் நினைத்தேன். ஆனால் ரிஞ்சு, தினமும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பேன். முதல் வாரம் அம்மோனியா, மஞ்சள் நிறம் பச்சையாகிக் கரும்பச்சையானது, மீன் விட்டிருந்தால் செத்திருக்கும். பிறகு அது ஒருநாள் குறையத் தொடங்கி, அதற்குப் பதில் இன்னொரு விஷம் ஏறியது. அதுவும் குறைந்தது. சிஜு தன் கடைத் தொட்டியில் ஒரு வருடம் கிடந்த சிமெண்ட் கல் நான்கை இதில் வைத்திருந்தான். அந்தக் கல்லின் துளைகளில் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் இருக்கின்றனவாம், ஒரு கூட்டம் முதல் விஷத்தைத் தின்று இரண்டாவது விஷமாக்குகிறது, அடுத்த கூட்டம் அதைத் தின்று சாதுவான ஒன்றாக்குகிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் கூலி கொடுக்கவில்லை. தவக்காலம் முழுக்க வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், உயிர்ப்பு ஞாயிறு வந்தபோது இரண்டும் பூஜ்யம். பூசையில் முழங்கால் போட முடியாத நான் வீட்டுக்கு வந்து அந்தத் தொட்டி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து மனசுக்குள் முழங்கால் போட்டேன், உண்மையாகச் சொல்கிறேன்.

அந்தச் சிமெண்ட் கல்லிலிருந்து ஒருநாள் காலை குஞ்சம் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. விரலைக் கண்ணாடியில் வைத்தால் சட்டென்று உள்ளே போய்விடும், நான் மூச்சுப் பிடித்து உட்கார்ந்தால் மெல்ல விரியும். புழுவாம் அது. அப்படி ஏழு. கல்லில் ரோஸ் நிறம் படர்ந்தது. பூதக்கண்ணாடி வைத்தால் உப்புத்தூள் அளவில் எதுவெதுவோ ஓடுகிறது. பிறகு இரண்டு ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் விட்டோம், பொரிப்பகத்தில் பிறந்தவை, அவை கடலைப் பார்த்ததே இல்லை என்றான் சிஜு. நானும் இந்த அறுபத்திரண்டு வயதில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், வேளாங்கண்ணியில். அதற்கும் பிறகு ஆறு நத்தையும் மூன்று இறாலும். அந்த இறால், கோமாளி மீனின் வாய்க்குள்ளேயே கையை விட்டுச் சுத்தம் செய்ய, மீன் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். உன் அம்மா கேலியை விட்டுவிட்டுத் தன் முக்காலியையும் என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டாள். எத்தனையோ வருடம் கழித்து நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தோம்.

வாராவாரம் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாகக் கலந்ததை ஊற்ற வேண்டும். சிஜு அதற்கென்று ஒரு வெள்ளை வாளி கொடுத்திருந்தான், வேறு எதையும் தொடாதீர்கள் என்று சொல்லியும் இருந்தான். வாளி வாளியாகத் தூக்க முழங்கால் விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் என் டிரம் இருக்கிறதே, ஏலத்துக்கு அழுகல் நோய் வராமலிருக்கத் அந்த நீல மயில்துத்தத் துரிசும் சுண்ணாம்பும் கலக்குகிற டிரம். அதைப் புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், நான்கு நாள் காயவைத்தேன், பொட்டு நீலம் இல்லை. முப்பத்தொரு வருடம் மருந்து கலக்கியவன், ஐம்பது பேருக்கு அளவு சொல்லிக் கொடுத்தவன், டிரம் கழுவ எனக்குத் தெரியாதா என்ற எண்ணம். ஒரே தடவையாக நாற்பது லிட்டர் கலந்து ஊற்றினேன். மறுநாள் காலை நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுந்து மல்லாந்து கிடந்தன. இறால் வெளுத்துக் கிடந்தது. ஏழு குஞ்சமும் உள்ளே போனதுதான், இன்றுவரை வெளியே வரவில்லை. மீன் இரண்டும் மட்டும் ஒன்றும் நடக்காதது போலத் தீனி கேட்டன.

ஜோஜோவுக்குக் கோபம் வந்தால் உனக்குத் தெரியுமே. நோய் பிடித்த உயிர்களை விற்றுவிட்டான் என்று கடையில் நாலு பேர் முன்னால் கத்தியிருக்கிறான். சிஜு அன்றைய மழையிலேயே பைக்கில் வந்தான். தொட்டித் தண்ணீரைக் குழாயில் எடுத்து ஒரு மருந்தை விட்டான், நிறம் மாறியது. கேன் தண்ணீரில் விட்டான், மாறவில்லை. தொட்டியில செம்பு இருக்கு மாமா, எலும்பில்லாத உசுருக்குச் சொட்டுப் பட்டாலும் ஆகாது, மீனு தாங்கிக்கிரும் என்றான். பிறகு, உப்பு எதுல கலக்குனீங்க, துரிசு புழங்குன எதுவும் பட்டுச்சா என்று கேட்டான். துரிசு என்றாலே செம்புதானே, எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. உன் அம்மா காப்பியோடு நிற்கிறாள், ஜோஜோ கதவில் சாய்ந்து நிற்கிறான், டிரம் பின்பக்கம் பத்தடியில் இருக்கிறது. நீ குடுத்த வாளியிலதான் என்று சொன்னேன். அவன் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, சரி மாமா என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனான். காப்பிகூடக் குடிக்கவில்லை. அன்றைக்கே ஜோஜோ ஜீப்காரர்களும் ஹோம்ஸ்டேக்காரர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில், அந்தக் கடையில் வாங்காதீர்கள் என்று போட்டுவிட்டான். குமுளியில் ஒரு ஓட்டலுக்குப் பெரிய கடல் தொட்டி வைத்துக் கொடுக்க சிஜு பேசி முடித்திருந்தான், அவர்கள் இப்போது வேண்டாம் என்கிறார்களாம். இன்றைக்குப் பதினொரு நாள் ஆகிறது. நாளை பூசை முடிந்ததும் சொல்லிவிடுவேன்.

ஞாயிறு மாலை.

சொல்லிவிட்டேன். காலையில் சாப்பிடும்போதே உன் அம்மாவிடமும் ஜோஜோவிடமும் சொன்னேன். அம்மா இட்லிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பையன் காப்பி குடிக்காமப் போனானே என்றாள், அவ்வளவுதான், அதுவே போதுமாக இருந்தது. ஜோஜோ ஜீப் சாவியை எடுத்தான். கடையில் சிஜு தொட்டி துடைத்துக்கொண்டிருந்தான். டிரம்மைப் பற்றிச் சொன்னேன், பொய் சொன்னதையும் சொன்னேன், மன்னிச்சிரு தம்பி என்று கையைப் பிடித்தேன். ஜோஜோ அங்கேயே நின்று குரூப்பில் தப்பு எங்கள் வீட்டு டிரம்மில்தான் என்று பேசிப் போட்டான், ஓட்டல்காரருக்கும் போன் செய்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றாராம் அவர். இனி என்ன நடக்குமோ தெரியவில்லை. சிஜு கோபப்படவில்லை. எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா, உங்க வாயால வரட்டும்னு இருந்தேன் என்றான். கல் செம்பைக் குடித்திருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும், மாதக்கணக்கில் நத்தையோ இறாலோ விட வேண்டாம் என்றும் சொன்னான். கிளம்பும்போது சாதாரணமாகத்தான் கேட்டான், ஆமா மாமா, இத்தனை வருசமா அந்த டிரம்மை எங்க வச்சுக் கழுவுவீங்க என்று. வீட்டுக்குக் கீழே இருக்கிற ஓடையில் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். வழி முழுக்க ஜோஜோ என்னவோ பேசிக்கொண்டு வந்தான், ஒன்றும் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கம்பை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன், அம்மா முழங்கால் முழங்கால் என்று பின்னால் சத்தம் போட்டாள். மழை கொஞ்சம் விட்டிருந்தது. நீ ஏழாவது படிக்கும்போது டிபன் பாக்ஸில் ஓடை நண்டைப் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் சிஸ்டரிடம் அடி வாங்கினாயே, அப்போதெல்லாம் எந்தக் கல்லைத் தூக்கினாலும் ஒன்று ஓடும். கடைசியாக நான் எப்போது பார்த்தேன் என்று யோசித்தால் நினைவு வரவில்லை. கை மரத்துப்போகும் வரைக்கும் கல்லைப் புரட்டினேன். நண்டு இல்லை, ஒட்டிக்கொண்டிருக்கும் நத்தைகூட இல்லை. சின்ன மீன்கள் மட்டும் கூட்டமாகத் திரிகின்றன. துரிசுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது, இந்த மலையில் எத்தனையோ மருந்து அடிக்கிறோம். ஆனால் ஒரு டிரம் ஒரு தடவை செய்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டேன், முப்பத்தொரு வருடம் செய்ததற்குக் கண்ணாடி இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மகளே.

நீ இரவு வேலைக்குப் போகும்போது காதை மூடிக் கட்டிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. ஆரோக்கிய மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் நெற்றியில் அப்பா இங்கிருந்தே சிலுவை போடுகிறேன். பதில் எழுதும்போது ஒன்றை மறக்காமல் எழுது. நீ நண்டு பிடித்தது ஓடைப் பாலத்துக்கு மேல்பக்கமா, கீழ்பக்கமா? நான் இன்று தேடியது மேல்பக்கம்தான், இடம் தவறித் தேடியிருக்கலாம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா மிக்கேல்ராஜ்