களியோடை நீரில் நிற்கிறேன், நஸீமா

என் அருமைத் தங்கை நஸீமாவுக்கு, உன்மீது சாந்தி நிலவட்டும்.

மையவாடிக்கு நம் ஊரில் பெண்கள் செல்வதில்லை. உன்னை அடக்கிய இடத்தை, உன்னைக் கைப்பிடித்த மச்சான் கைப்பேசிப் படத்தில்தான் எனக்குக் காட்டினார். அங்கே நின்று சொல்ல இயலாததை, ஊரார் வாசிக்கும் ஏட்டில் எழுதுகிறேன்.

முதற்செய்தி இதுதான்: உன் தூண்டில் இப்போது என் கையில் இருக்கிறது.

மச்சானின் மேற்படிப்புக்காக நீங்கள் பிரித்தானியாவில் வாழ்ந்த நாள்களில், தூண்டிலே தொட்டறியாப் பெண்களுக்கென ஓர் ஆற்றங்கரையில் நடந்த வகுப்புக்கு நீ போனாய். ஃப்ளை ஃபிஷிங் என்று அதற்குப் பெயர் சொன்னாய். இரை கோப்பதில்லை; மயிரும் இறகும் கட்டிய பொய்ப்பூச்சியைத் தடித்த நூலின் பாரத்தாலேயே நீர்மேல் எறிந்து மீனை ஏய்க்கும் கலை அது. நாடு திரும்பிய ஆண்டில், ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானி ஆட்டின் மயிரைக் கழுவி உலர்த்திச் சேவல் இறகோடு சேர்த்துப் பூச்சி கட்டினாய். “எல்லாரும் இறைச்சியில பங்கு கேக்க, நீ மயிரிலயா கேக்கிற?” என்று நான் கேலி செய்ததும், நீ சிரித்ததும் நினைவிருக்கிறதா?

மாலை அஸர் தொழுகை முடிந்ததும் களியோடை ஆற்றில் முழங்காலளவு நீரில் நிற்பாய். ஹபாயாவின் விளிம்பைக் காலணிக்குள் செருகிக்கொள்வாய். வீச்சுவலைக்காரர் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பழகிப்போய்த் தம் பாட்டில் வலை வீசினார்கள். ஒருநாள் நம் வீட்டு வளவுக்குள் என் கையிலும் கோலைத் தந்தாய். மேடையில் கை உயர்த்திப் பழகியவளாயிற்றே நான்! ஓங்கி வீசினேன், நூல் என் முந்தானையில் சிக்கியது. “ராத்தா, இது மேடையில்ல. பின்னால போற நூல் நீளும் வரைக்கும் கையையும் வாயையும் அடக்கிக்கொண்டு நில்லுங்க” என்றாய்.

அன்றே நான் அடக்கக் கற்றிருந்தால்!

அடுத்து வந்த மீலாத் விழாவில், பெண்ணின் கல்விக்குக் குறுக்கே நிற்போரைப் பெயர் சொல்லாமல் சுட்டெரித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். கைதட்டல் ஓயவில்லை. பள்ளிவாசல் மரைக்காயர் ஒருவர், நிர்வாகத்தில் மூத்தவர், அருகே வந்தார். “டீச்சர், உங்கட தங்கச்சி ஆத்துக்குள்ள நிண்டு தூண்டில் போடுறாவாம். ஒரு விசயம் கதைக்கணும்” என்றார். கண்டிக்க வந்திருக்கிறார் என்று நானே முடிவு கட்டினேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, அடுத்த சொல் அவர் வாயிலிருந்து வருமுன் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீடு வந்ததும் உன்னிடம் சொன்னேன், ஊர் கதைக்கிறது, என் பெயரையாவது நினை என்று. “ஆரு ராத்தா கதைச்ச?” என்று மட்டும் கேட்டாய். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். நீ கோலைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தாய். இரண்டு ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது.

நோய் உன் உடலைத் தின்னத் தொடங்கிய பின் ஒருமுறை, களியோடைப் பக்கம் போய்வருவோமா என்றாய். குணமாகட்டும் என்றேன். அதையும் நம்பினாயா? இல்லை, என்னை நோகடிக்காமல் இருந்தாயா?

உனக்காக நாற்பதாம் நாள் கத்தம் ஓத வந்தவர்களில் அந்த மரைக்காயரின் மகள் ஸுமையாவும் இருந்தாள். ஆசிரியப் பயிற்சி முடித்த பெண். உன் உடைகளை ஏழைகளுக்குப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் அலுமாரியின் மேற்புறத்தையே பார்த்தாள். அந்தத் தூண்டிலை ஒருதரம் தொட்டுப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். உனக்கு ஏன் என்றேன்.

“வாப்பா அண்டைக்கு உங்களிட்ட கேக்க வந்தது அதத்தான், டீச்சர். எனக்கும் பழக்குவாவா எண்டு. நீங்க முகத்தைத் திருப்பிட்டீங்களாம். படிச்ச ஆக்களுக்கு நம்மளோட சேர விருப்பமில்லையாக்கும் எண்டு வந்து சொன்னாரு.”

கையிலிருந்த உன் உடையை மடிக்க என்னால் முடியவில்லை. எந்த ஊர் கதைத்தது, நஸீமா? எவர் உன்னைத் தடுத்தார்? பெண்ணுக்குக் குறுக்கே நிற்போரைத் தேடி ஊர் ஊராய் முழங்கியவளின் வீட்டுக்குள்ளேதான் குறுக்கே நின்றவள் இருந்தாள்.

மறுநாளே ஸுமையாவை அழைத்தேன். கற்றுத்தர உன்னையன்றி எவரும் இல்லை. அந்த ஆற்றங்கரை வகுப்பில் நீ எழுதிவைத்த குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இருவரும் தொடங்கினோம். தூண்டில் முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் கட்டி, வளவுக்குள் மூன்று வாரங்கள் வீசினோம். அவளுக்கு விரைவில் வந்துவிட்டது. நான் இன்னும் அவசரப்படுகிறேன். நூல் பின்னால் நீளுமுன் முன்னே இழுத்துவிடுகிறேன், அது என் காலடியில் குவிந்து கிடக்கிறது.

இப்போது அஸருக்குப் பின் களியோடையில் நிற்கிறோம். நீர் குளிர்ந்திருக்கிறது; கால் சேற்றில் புதைகிறது; பயமாகவும் இருக்கிறது. தோணியில் போன ஒருவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, “டீச்சர், மீனுக்கு விளங்குற பேச்சு இன்னும் வரல்ல போல” என்றார். ஓம், வரவில்லை என்றேன். இன்றுவரை எனக்கு ஒரு மீனும் படவில்லை. ஸுமையாவின் பூச்சியை நேற்று ஒரு சிறு கொடுவா மீன் கவ்வியது. நீ எழுதிவைத்தபடியே கையை நனைத்து, முள்ளைக் கழற்றி, நீரிலேயே விட்டாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகள் உன் முகத்திலிருந்து நான் பறித்தது இன்னதென்று அப்போதுதான் கண்டேன்.

மரைக்காயரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் தேநீர் தந்தார், பழையதைக் கிளறவில்லை. உன்னிடம் கேட்க எந்த வாசலுக்குப் போவேன்?

வரும் மாதம் மகளிர் ஒன்றுகூடலில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். வழக்கமான முழக்கத்தை எதிர்பார்த்து வருவார்கள். நான் உனக்கு வாக்களிக்கிறேன்: அன்று பிறர் எவரையும் சுட்டமாட்டேன். தன் தங்கையைத் தடுத்து ஆற்றிலிருந்து கரையேற்றியவள் நான்தான் என்று, என் பெயரைச் சொல்லி, எல்லார் முன்னும் சொல்வேன். அதன்பின் பழக விரும்பும் பெண்களை ஸுமையாவிடம் அனுப்பிவிட்டு, மேடையிலிருந்து இறங்குவேன்.

உன்னைத் தடுத்த,
உன் ராத்தா